உப்பு வரியை மறந்த வரலாறு

விவசாயி தானாக எழ மாட்டான், யாரோ தூண்டிவிட்டால்தான் எழுவான் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. 1799இல் நாஞ்சில் நாட்டு மக்கள் திருவனந்தபுரத்துக்குத் திரண்டு போனதையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்: தலக்குளத்து வேலுத்தம்பி கூப்பிட்டார், ஜனங்கள் பின்னால் போனார்கள். காரியக்காரராக, அதாவது வட்டார வருவாய் அதிகாரியாக, இருந்த அவரிடம், அதிகாரத்தில் இருந்த ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி பெருந்தொகை கேட்டார். வேலுத்தம்பி மூன்று நாள் தவணை வாங்கிப்போய் ஆள் திரட்டினார். இதில் பொய்யில்லை. ஆனால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிராத ஒரு நாட்டை மூன்றே நாளில் திரட்ட எவராலும் ஆகாது.

கொதிப்புக்குக் காரணம் கஜானா. திப்புவுடனான போர் 1792இல் முடிந்தபோது நாஞ்சில் நாடு அடங்கிய திருவிதாங்கூர் ஓய்ந்து போயிருந்தது. போர்ச்செலவுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கை நீட்டியது. 1795 உடன்படிக்கைக்குப் பின் கம்பெனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அரசு பட்ட கடன் கடைசியில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போக நெல்லும் அறுக்கிறவன் தலையில்தான் இறங்கும். கட்டாய வசூல் அப்படித்தான் வந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்சிலும் இதுவே நடந்தது. விடுதலைப் போரின் கடன் பத்திரங்களை மலிவு விலைக்கு வாங்கிக் குவித்தவர்களுக்கு முழுத் தொகை கொடுக்க, நாணயமே புழங்காத கிராமங்களிடம் நாணயமாக வரி கேட்டார்கள். 1786இல் விவசாயிகள், கடன் வழக்குகளை நடத்திய நீதிமன்றங்களை மறித்தார்கள். அங்கும் டேனியல் ஷேஸ் என்ற ஒருவர் பெயரில் கலகத்தைக் கட்டிவைத்து, காரணத்தைக் கைகழுவினார்கள்.

வேலுத்தம்பி சொந்தப் பணத்துக்காகத்தானே கிளம்பினார் என்று கேட்கலாம். இருக்கட்டும். திரண்டவர்கள் வைத்த கோரிக்கைகளில் உப்பு வரியையும் மற்றக் கொடும் வரிகளையும் நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. அது ஒரு காரியக்காரரின் சொந்த வழக்கல்ல. அமைச்சர்களின் காதை அறுக்கச் சொன்னதும் அதே கோரிக்கைகளில்தான் உண்டு, அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தலைவன் இல்லாமல் இவர்களுக்கு எதிர்க்கத் தெரியாது என்பதும் நிற்காது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கூட்டம் கூடி, வழக்கத்துக்கு மேற்பட்ட வரி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் நாஞ்சில் நாட்டார்.

தூண்டுகிறவரே காரணம் என்றால், 1804ஐ எப்படி விளக்குவது? அதே வேலுத்தம்பி தளவாயாகி, அதாவது முதலமைச்சராகி, செலவைக் குறைக்க நாயர் படையின் படியை வெட்டியதும் படை அவர் மீதே திரும்பியது. அவர்கள் சிப்பாய்கள்தான், ஆனால் மூலம் அதே கஜானாக் கவலை. மறு ஆண்டே, 1805 உடன்படிக்கை, கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. வசூலிக்க வந்த தளவாயே கட்ட முடியாமல் 1809 ஜனவரியில் குண்டறையில் கம்பெனிக்கு எதிராகப் பிரகடனம் செய்தார். அவருக்குச் சிலை வைக்கட்டும், பாடப்புத்தகத்தில் பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பக்கத்தில் உப்பு வரிக்கும் 8 லட்சத்துக்கும் இரண்டு வரி கொடுங்கள்.