பேட்டரிக்குள் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டாமா?

மேனாம்பேட்டில் குளிர்காலம் என்றால் மார்கழியில் இரண்டு வாரம் ஃபேன் வேகத்தைக் குறைத்து வைப்போம். பாட்டி காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்வார். அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, உறைபனியில் ஒற்றைச் சக்கர எலக்ட்ரிக் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்த வண்டி கற்றுத்தரும் பாடம், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பேட்டரி ஸ்கூட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

என் பெரியம்மா மகன் டொரன்டோவில் வேலை பார்க்கிறார். ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை அவர் போவது எலக்ட்ரிக் யூனிசைக்கிளில். அமெரிக்காவில் ஷேன் சென் என்பவர் 2011இல் 'சோலோவீல்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியின் வாரிசு இது. ஒரே ஒரு சக்கரம், இருபுறமும் கால் வைக்க இரண்டு மிதிகள். ஹேண்டில் பார் கிடையாது, சீட் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப் சென்சார் நீங்கள் எவ்வளவு சாய்கிறீர்கள் என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்ப உந்தி உங்களை விழாமல் தாங்குகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி காலையில் அண்ணன் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பனியில் வழுக்கியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். போனில் அவர் சொன்னது வேறு: "ரோடு காய்ஞ்சுதான்டா இருந்துச்சு. பேட்டரி பாதி சார்ஜ் காட்டுச்சு. மேடு ஏறும்போது திடீர்னு கைவிட்டுடுச்சு."

பாதி சார்ஜ் இருக்கும்போது எப்படிக் கைவிடும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

லித்தியம் அயன் செல் ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். 20 செல்களை வரிசையாக இணைத்தால் 84 வோல்ட். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளுக்குள் ஒரு மின்தடை உண்டு. குளிரில் செல்லுக்குள் அயனிகள் மெதுவாக நகர்வதால் அந்தத் தடை ஏறிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தடை 0.1 ஓம் என்றால், மேடு ஏற 40 ஆம்பியர் இழுக்கும்போது 4 வோல்ட் குறையும். குளிரில் தடை 0.2 ஓம் ஆகிவிட்டால் 8 வோல்ட் குறையும். பேட்டரியும் பாதி காலி, அதுவும் பழைய பேட்டரி என்றால், மோட்டாருக்குத் தேவையான உந்துவிசை அந்த நொடியில் கிடைக்காது. ஸ்கூட்டராக இருந்தால் வேகம் குறையும், நாம் திட்டிக்கொண்டே ஓரம் கட்டுவோம். ஒற்றைச் சக்கரத்தில் உங்களைத் தாங்கி நிற்பதே அந்த உந்துவிசைதான். அது போனால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

திரையில் தெரிந்த '50 சதவீதம்' பொய் இல்லை. ஆனால் அண்ணனுக்குத் தெரிய வேண்டிய எண் அது இல்லை. வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது, செல்லின் வெப்பநிலை என்ன என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். இதை முன்பே புரிந்துகொண்ட யூனிசைக்கிள்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 'வீல்லாக்' போன்ற செல்போன் மென்பொருள்களைத் தாங்களே எழுதினார்கள். வண்டியிலிருந்து புளூடூத் வழியாக வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை ஆகியவற்றைப் படித்து, எல்லையை நெருங்கும்போது அலாரம் அடிக்கும்படி செய்தார்கள். விழுந்த பிறகுதான் அண்ணன் அதை இன்ஸ்டால் செய்தார். இப்போது குளிர்காலத்தில் வண்டியை வீட்டுக்குள் வைத்திருந்து எடுக்கிறார், வோல்டேஜ் விழுவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார், திரும்பி வந்ததும் பேட்டரி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜ் போடுகிறார். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இதே கதை செல்போனிலும் நடந்ததுதான். பேட்டரி பழசாகி, சார்ஜ் குறைந்து, குளிரும் சேர்ந்தால் ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடும். அதைத் தடுக்க ஆப்பிள் நிறுவனம் பயனாளர்களிடம் தெளிவாகச் சொல்லாமலேயே மென்பொருள் மூலம் போனின் வேகத்தைக் குறைத்தது. விஷயம் வெளியே வந்ததும் 2017 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் பேட்டரியின் ஆரோக்கியத்தை எல்லோரும் செட்டிங்ஸில் பார்க்க முடிகிறது. விண்டோஸ் லேப்டாப்பிலும் ஒரே கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு என்று அதில் இருக்கும்.

மடியில் வைக்கும் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு ஏன் இல்லை?

நமக்கு உறைபனி ஊட்டியில்தான். ஆனால் வெயிலும் வெள்ளமும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. பெரும்பாலான லித்தியம் அயன் செல்களுக்குச் சார்ஜ் செய்யும் வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி வரை என்று தயாரிப்பாளரின் தகவல் தாள் சொல்லும். மே மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே சார்ஜில் போட்டால் செல் எத்தனை டிகிரியில் இருக்கும்? வண்டிக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

அடுத்தது வெள்ளம். 2022இல் நாட்டின் பல இடங்களில் பேட்டரி ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். நீர்புகாத் தன்மைக்கு விளம்பரங்களில் சொல்லும் ஐ.பி.எக்ஸ்.7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவது. சோதனை செய்வது புதிய பேட்டரியை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் தண்ணீர் 30 நிமிடத்திலா வடிந்தது?

அந்தப் புயலில் என் ஸ்கூட்டரும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றது. சர்வீஸ் சென்டரில் துடைத்து, ஓட்டிப் பார்த்து, "பேட்டரி நல்லா இருக்கு சார்" என்றார்கள். எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி சிஸ்டத்துல மட்டும்தான் தெரியும்" என்று பதில் வந்தது. நான் சார்ஜ் போடும் இடம் மாடிப்படிக்குக் கீழே. எங்கள் கட்டடத்தில் மூன்று குடும்பங்களுக்கும் வெளியே வர அந்த ஒரு படிதான் வழி. அந்த எண்ணைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

டொரன்டோவில் 2023 டிசம்பர் 31 அன்று சுரங்க ரயில் ஒன்றில் பேட்டரி சைக்கிள் தீப்பிடித்து எரிந்தது. குளிர்கால ஈரமும் சாலையில் கொட்டும் உப்பும் பேட்டரியைக் கெடுக்கும் என்று சொல்லி, அங்குள்ள போக்குவரத்து நிறுவனம் பிறகு நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இத்தகைய வண்டிகளை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றத் தடை போட்டது. எந்தப் பேட்டரி நல்லது, எது கெட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் இப்படித்தான் நடக்கும். நல்ல வண்டிக்கும் சேர்த்துத் தடை. நாளை நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் இதையேதான் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தின்படி, 2024 ஆகஸ்ட் 18 முதல் ஸ்கூட்டர், யூனிசைக்கிள் போன்றவற்றின் பேட்டரியிலும் அதன் ஆரோக்கிய விவரங்கள் பதிவாகியிருக்க வேண்டும். அதை வாங்கியவர் அந்த விவரங்களைப் படிக்கவும் அனுமதிக்க வேண்டும். மாற்ற முடியாது, படிக்கலாம். நான் கேட்பதும் அதைத்தான்.

"எண்களைக் காட்டினால் மக்கள் குழம்புவார்கள்" என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பேட்டரியைக் கவனிக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் இந்த எண்களை ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கிறது. திரையில் கூடுதலாக ஒரு பக்கம் போட்டால் போதும். புரியாதவர் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். வாரண்டி சண்டை வரும் என்ற பயம் உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு பக்கம் மட்டும் கணக்கு நோட்டை வைத்திருப்பது நியாயம் இல்லை.

சட்டம் வரும்வரை நாம் ஒன்று செய்யலாம். வண்டி வாங்கப் போனால் "ஃபுல் சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: செல்லின் வெப்பநிலையை நான் பார்க்க முடியுமா? பேட்டரியின் இன்றைய கொள்ளளவை ஆப்பில் காட்டுவீர்களா? தண்ணீரில் நின்ற வண்டியைச் சோதித்தால் முடிவை எண்களோடு எழுதித் தருவீர்களா? பதில் சொல்ல முடியாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்துப் பேர் கேட்டால் விற்பனையாளர் மேலிடத்துக்குச் சொல்வார். ஆயிரம் பேர் கேட்டால் அடுத்த அப்டேட்டில் அந்தப் பக்கம் வந்துவிடும்!