சாட்சி வேறு, வக்கீல் வேறு

இரவு 8 மணி. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து விட்டார்கள். டெலிவிஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் நாலு பேர். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் எல்லோரையும் விட உரக்கக் கத்துகிறார். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துக்கள் ஓடுகின்றன. பின்னால் தடதடவென்று ஒரு மேளச் சத்தம்.

"என்னடா நடந்தது?" என்று பாட்டி கேட்கிறாள்.

"அவன்தான் பாட்டி குற்றவாளி!" என்கிறான் பேரன்.

பாட்டி கேட்டது ஒன்று. பேரன் சொன்னது வேறு. "என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. "யார் கெட்டவன்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்த பிறகு, அவனிடம் மிஞ்சியது இவ்வளவுதான்.

பையன் மேல் தவறில்லை. அவன் செய்தி கேட்டதாக நினைத்துக் கொண்டான். உண்மையில் அவன் கேட்டது அபிப்பிராயம். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே குரலில் வருகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோர்ட்டைப் பாருங்கள்

பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை அல்ல. ஒரு கோர்ட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

சாட்சி கூண்டில் ஏறுகிறார். "இரவு 10 மணிக்குக் கடையை மூடினேன். அப்போது ஒரு லாரி வந்தது. சைக்கிளில் மோதியது. நான் பார்த்தேன்" என்கிறார். இது சாட்சியம்.

பிறகு வக்கீல் எழுந்திருக்கிறார். "ஈவு இரக்கம் இல்லாத இந்த டிரைவர், ஓர் ஏழைக் குடும்பத்தின் விளக்கை அணைத்து விட்டான்" என்கிறார். இது வாதம்.

வக்கீல் வாதாடுவதில் குற்றம் இல்லை. அது அவர் தொழில். ஆனால் வக்கீல் லாரியைப் பார்க்கவில்லை. இது நீதிபதிக்குத் தெரியும். ஆகவே அவர் சாட்சியத்தை ஒரு பக்கம் வைக்கிறார். வாதத்தை வேறு பக்கம் வைக்கிறார். சாட்சியையும் அப்படியே நம்பி விடுவதில்லை. குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுக்கிறார். எதிர்க் கட்சிக்காரர் சொல்வதையும் கேட்கிறார். அதன் பிறகுதான் தீர்ப்பு.

பத்திரிகையிலும் இந்த ஏற்பாடு உண்டு. செய்திக்குத் தனி இடம். தலையங்கத்துக்குத் தனி இடம். நீங்கள் இப்போது படிப்பது கூட அபிப்பிராயம்தான். அதை மறைக்கவில்லை.

டெலிவிஷனில் இந்த வேலி பல இடங்களில் சாய்ந்து விட்டது. ஒரே ஆள் சாட்சியாக வருகிறார். அவரே வக்கீலாக வாதாடுகிறார். மணி 9 அடிப்பதற்குள் அவரே நீதிபதியாகித் தீர்ப்பும் சொல்லி விடுகிறார்!

2020-ல் நடந்தது

இதனால் என்ன கெட்டு விடும் என்று கேட்கலாம். நாம் எல்லோரும் வாழ்ந்து பார்த்த ஒரு காலத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம்.

2020 மார்ச் மாதம். கொரோனா நோய் பரவத் தொடங்கிய நேரம். டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மத அமைப்பின் கூட்டம் நடந்தது. வெளிநாட்டினரும் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுமார் 1,500 பேர் போயிருந்தார்கள். அங்கே நோய் தொற்றியது. ஊருக்குத் திரும்பியவர்கள் மூலம் பல மாநிலங்களுக்கும் பரவியது. ஏப்ரல் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்துடன் தொடர்பு உள்ளவர்கள்.

இவ்வளவும் செய்தி. சொல்ல வேண்டிய செய்தி. சொன்னால்தான் போய் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். "அத்தனை பேரைக் கூட்டி வைத்தது சரியா?" என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

ஆனால் வடநாட்டுச் சேனல்கள் சில அதோடு நிற்கவில்லை. "கொரோனா ஜிகாத்" என்று ஒரு பெயர் சூட்டின. வேண்டுமென்றே நோயைப் பரப்ப வந்தார்கள் என்பது இதன் பொருள். இதற்குச் சாட்சி யார்? ஒருவரும் இல்லை. இரண்டே வார்த்தை. அதற்குள் குற்றச்சாட்டும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது.

அந்த வார்த்தை டெலிவிஷனோடு நிற்கவில்லை. தெருவுக்கு இறங்கியது. வட மாநிலங்களில் சில இடங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் முஸ்லிம்களை, "உன்னிடம் வாங்க மாட்டோம், போ" என்று விரட்டினார்கள். அந்த வியாபாரி டெல்லிக்கே போகாதவராக இருக்கலாம். கத்திரிக்காய் விற்றால்தான் அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியும்.

அதே வாரத்தில் தமிழ்நாட்டில் நடந்ததையும் பாருங்கள். இங்கே சுகாதார அதிகாரிகள், அமைப்பின் பெயரைச் சொல்வதை நிறுத்தினார்கள். "சிங்கிள் சோர்ஸ்", அதாவது ஒரே இடத்திலிருந்து பரவியது, என்று தினசரி அறிக்கையில் சொல்லத் தொடங்கினார்கள். நோயாளிகளின் எண்ணிக்கையை மறைக்கவில்லை. எண்ணிக்கை அப்படியே வந்தது. வார்த்தை மட்டும்தான் மாறியது. ஒரே சம்பவம். ஒரு வார்த்தை நோயைக் காட்டியது. மற்றொரு வார்த்தை மனிதனைக் காட்டிக் கொடுத்தது.

கோர்ட்டு என்ன சொன்னது?

2020 ஆகஸ்டு 21-ந் தேதி பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் கிளை தீர்ப்புக் கூறியது. 29 வெளிநாட்டினர் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்தது. பத்திரிகைகளும் டெலிவிஷனும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தன என்றும், அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் நீதிபதிகள் கண்டித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி கோர்ட்டு 36 வெளிநாட்டினரை விடுதலை செய்தது. வெளிநாட்டினரைத் தங்க வைத்ததாக 70 இந்தியர்கள் மீது போட்ட வழக்குகளை டெல்லி ஐகோர்ட்டு ரத்து செய்தது. அது எப்போது தெரியுமா? 2025 ஜூலையில்!

டெலிவிஷன் தீர்ப்புக்கு ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது. கோர்ட்டுத் தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. முதல் தீர்ப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது தீர்ப்பு எத்தனை பேருக்குத் தெரியும்? நோயிலிருந்து குணமான தப்லீக் அமைப்பினர் பலர், மற்ற நோயாளிகளுக்காக டெல்லியில் ரத்தத்தின் பிளாஸ்மாவைத் தானம் செய்தார்கள். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எப்படிக் கண்டுபிடிப்பது?

அரிசியில் கல் பொறுக்குகிறோம். செய்தியிலும் பொறுக்கலாம். பழகினால் கை தானே போகும்.

முதலில் அடைமொழியைப் பாருங்கள். "மந்திரி பதில் அளித்தார்" என்பது செய்தி. "மந்திரி மழுப்பினார்" என்பது அபிப்பிராயம். "மந்திரி சாட்டையடி கொடுத்தார்" என்பதும் அபிப்பிராயமே. ஒன்று திட்டு, மற்றொன்று புகழ்ச்சி. அடைமொழியை எடுத்து விட்டுப் பாருங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் அது செய்தி. ஒன்றும் மிஞ்சாவிட்டால், நீங்கள் கேட்டது வெறும் வாதம்.

அடுத்து, "யார் சொன்னது?" என்று கேளுங்கள். "போலீஸ் சூப்பிரண்டு சொன்னார்" என்றால் அது ஒரு விலாசம். "வட்டாரங்கள் கூறுகின்றன" என்றால் விலாசம் இல்லாத கடிதம். தள்ளி விட வேண்டாம். உடனே நம்பவும் வேண்டாம். கேள்விக்குறி போட்ட தலைப்பிலும் கவனம் வேண்டும். "சதி செய்தாரா?" என்று திரையில் போட்டால், சதி என்ற சொல் மனதில் ஒட்டிக் கொள்கிறது. கேள்விக்குறி உதிர்ந்து விடுகிறது.

படத்தையும் விசாரியுங்கள். கிட்டத்தில் நின்று எடுத்தால் ஐம்பது பேர் பெருங்கூட்டமாகத் தெரிவார்கள். உயரத்திலிருந்து எடுத்தால் மைதானம் காலியாகத் தெரியும். இரண்டும் பொய்ப் படம் அல்ல. ஆனால் இரண்டும் முழு உண்மையும் அல்ல. இது இன்று எடுத்த படமா, பழைய படமா என்றும் பாருங்கள். சோக இசையோ, பேய்ப் பட இசையோ சேர்ந்து வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். நடந்த இடத்தில் வயலின் வாசித்தவர் யாரும் இல்லை!

கடைசியாக, திரையில் இல்லாதவர் யார் என்று தேடுங்கள். சொல்லாமல் விடுவதும் ஒரு பக்கச் சார்புதான். 1975 ஜூன் 25-ந் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அப்போது நாட்டில் இருந்தது சர்க்கார் டெலிவிஷன் ஒன்றே. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். டெலிவிஷனில் சர்க்கார் தரப்பு மட்டுமே பேசியது. அங்கே கத்தல் இல்லை, கூச்சல் இல்லை. அமைதியான குரலில்தான் செய்தி வாசித்தார்கள். ஆனால் பாதி நாடு திரையில் இல்லை. 1977-ல் ஆட்சி மாறிய பிறகு, வானொலியும் டெலிவிஷனும் எப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்டன என்று விவரித்து சர்க்காரே வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஆகவே கத்துகிறவர்தான் சார்புள்ளவர் என்று எண்ணி விடக் கூடாது. மெதுவாகப் பேசுகிறவரும் மறைக்கலாம்.

ஏன் கத்துகிறார்கள்?

நிருபரை ஊர் ஊராக அனுப்பி விசாரிக்கப் பணம் வேண்டும், நாளும் வேண்டும். நாலு பேரைக் கூப்பிட்டுச் சண்டை போட வைக்க அவ்வளவு செலவில்லை. சண்டையைப் பார்க்கக் கூட்டமும் சேரும். கூட்டம் சேர்ந்தால் விளம்பரம் வரும்.

முதலாளி யார் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் பல சேனல்கள் அரசியல் கட்சிகளுடனோ, தலைவர்களின் குடும்பங்களுடனோ தொடர்பு உள்ளவை. இது ஊரறிந்த விஷயம். அதனால் அவை சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தம் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் எப்படிக் கேட்டுக் கொள்வோமோ, அப்படிக் கேட்டுக் கொள்ள வேண்டும். பெண்ணைக் கொடுப்பதற்கு முன் அக்கம் பக்கத்திலும் விசாரிப்போம் அல்லவா? அதே போல ஒரு செய்தியை இரண்டு சேனல்களில் பாருங்கள். மறுநாள் பத்திரிகையிலும் படியுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் பகுதி எதுவோ, அது பெரும்பாலும் நடந்ததாக இருக்கும்.

நம் பங்கு

பழியை எல்லாம் டெலிவிஷன் மேல் போட்டு விட்டுத் தப்பிக்க முடியாது. நமக்குப் பிடித்ததைச் சொல்கிற சேனலை "நடுநிலை" என்கிறோம். பிடிக்காததைச் சொன்னால் "விலைக்குப் போய் விட்டான்" என்கிறோம். நம் மனதுக்குள்ளும் ஒரு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார். அவர் ரொம்பக் கெட்டிக்காரர்! ஒரு செய்தியைக் கேட்டதும், "நான் அப்போதே சொன்னேன் பார்த்தாயா!" என்று மனம் துள்ளினால், அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. சேனலுக்கு எழுதலாம். பதில் திருப்தி இல்லையென்றால், பல செய்திச் சேனல்கள் சேர்ந்து அமைத்திருக்கும் தர ஆணையத்துக்குப் புகார் செய்யலாம். தப்லீக் செய்திகளுக்காக 2021-ல் இரண்டு கன்னடச் சேனல்களுக்கு அந்த அமைப்பு அபராதம் போட்டது. அதற்கும் காரணம், பார்த்தவர்கள் புகார் எழுதியதுதான்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் பெரியவர்கள். டெலிவிஷன் வருவதற்கு முன்பே சொல்லி வைத்தது. கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து விருந்து வைக்கும் பெட்டி இது. ஆகவே விசாரணையும் இரண்டு மடங்கு வேண்டும்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். செய்தி முடிந்ததும் டெலிவிஷனை நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் பாட்டி கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: "என்ன நடந்தது?"

எங்கே, எப்போது, யார், என்ன என்று பிள்ளை சொன்னால், அவன் செய்தி பார்த்திருக்கிறான். "அவன்தான் குற்றவாளி" என்று சொன்னால், மெதுவாக இன்னொரு கேள்வி கேளுங்கள்: "யார் பார்த்தது?"

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழகிய வீட்டின் வாசலிலிருந்து, எந்தக் காய்கறிக்காரரையும் யாரும் விரட்ட மாட்டார்கள்.