கடல்நீரேரிக் கரையில் ஒரு செம்மண் பூமி



சின்ன காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு ஏரி என்றால் கரைகட்டித் தேக்கிய மழைநீர். பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டியிருப்பதோ கடல்நீரேரி. அதன் நீர் உவர்ப்பு. ஆயினும் அங்கே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழிப்பது எவ்வாறு?

அங்கு வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை, செம்மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்குகிறது. நன்னீர் இலேசானது; ஆகவே அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று.

துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு மீண்டும் ஊற அவகாசம் இருந்தது. பம்பு செட்டு வந்தபின் அளவின்றி இறைக்கவே, பல கிணறுகளில் உப்பு மேலேறியது. மிகையாக இட்ட இரசாயன உரத்தின் நைட்ரேட்டும் குடிநீரில் கலந்தது.

நிலத்தடி நீர் அவர்களுக்கு மட்டுமன்று, பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கும் இறைவன் தந்த அமானிதமே. ஒளுச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாதெனக் கற்ற நாம், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவும் கற்போமாக!