குழந்தைகளின் இடுப்பு அறுவை சிகிச்சை: புதுக்கோட்டை மாவட்டப் பெற்றோர் அமைப்பின் நிலைப்பாடு

தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். இதற்காக அயர்லாந்தில் 2021 முதல் 2023 வரை நடந்த அறுவை சிகிச்சைகளில் 147ஐ ஒரு தணிக்கை ஆராய்ந்தது. அறிக்கை 2025 மே மாதம் வெளியானது. டெம்பிள் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சுமார் 60 விழுக்காடும், கப்பா மருத்துவமனையில் 79 விழுக்காடும் அறுவைக்குரிய அளவுகோலை எட்டவில்லை. அதே டப்ளின் நகரின் கிரம்ளின் மருத்துவமனையில் ஏறத்தாழ அனைத்தும் எட்டியிருந்தன.

இந்த வேறுபாடு தெரியவந்ததற்குக் காரணம், எக்ஸ்ரேக்களும் கோப்புகளும் கைவசம் இருந்ததுதான். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் காத்தால் போதும் என்கின்றன. ஒன்றரை வயதில் அறுவை செய்துகொண்ட குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேருமுன்பே அதன் கோப்பு இல்லாமல் போகலாம். இடுப்பு எலும்போ பதின்பருவம் வரை வளர்கிறது.

நம் மாவட்டத்தின் எந்த மருத்துவர்மீதும் நாங்கள் குற்றம் சாட்டவில்லை. தேவையான அறுவையைத் தள்ளிப்போட்டால் நொண்டலும் இளம்வயது மூட்டுத் தேய்மானமும் வரும். எனவே யாரும் அச்சத்தில் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். நாங்கள் கேட்பவை இவை:

1. குழந்தைகளின் எலும்பு அறுவை ஆவணங்களை 18 வயது வரை காக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்தில் நகல் தரவேண்டும் என்ற இன்றைய விதியை எல்லா மருத்துவமனைகளும் பின்பற்ற வேண்டும்.

2. அவசரமில்லாத இடுப்பு எலும்பு அறுவைக்கு முன் இரண்டாவது குழந்தை எலும்பு மருத்துவரும் படங்களைப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட முன் அனுமதியில் இதைச் சேர்க்கலாம். ஏற்கெனவே அறுவை முடிந்த குழந்தைக்கும், பெற்றோர் கேட்டால் கட்டணமில்லா மறு ஆய்வு வேண்டும்.

3. அறுவை நடந்த ஒவ்வொரு குழந்தையையும் வளர்ச்சி முடியும்வரை மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் அழைத்துப் பார்க்க வேண்டும். மணமேல்குடியிலிருந்தும் ஆவுடையார்கோவிலிலிருந்தும் வருவோருக்குப் பயணச் செலவும் தரவேண்டும்.

4. கால் முன்வந்து பிறந்த குழந்தைகளுக்கும், குடும்பத்தில் இக்குறைபாடு உள்ளவர்களின் குழந்தைகளுக்கும் ஆறு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் இக்குறைபாடு ஏற்கெனவே உள்ளது. ஆறு மாதத்துக்குள் கண்டறிந்தால் பல குழந்தைகளுக்கு வார்ப்பட்டையே போதும், கத்தி வேண்டியதில்லை.

மாவட்ட ஆட்சியரும் நலப்பணிகள் இணை இயக்குநரும் பெற்றோரையும் எலும்பு மருத்துவர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அதை இப்போதே தொடங்குங்கள்.