ஊதாவாகிப் போன கறுப்பு

புதிதாக ஒரு கேமரா சந்தைக்கு வந்ததும், அதை வாங்க வசதியில்லாதவர்கள் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. யாரோ எடுத்த ரா ஃபைலை இறக்கி, கணினித் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலை மூலையாகத் துழாவுவது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கேமராவின் கனம் தெரியாது, ஷட்டர் சத்தம் கேட்டதில்லை. ஆனாலும் இடது மூலையில் இருக்கும் செங்கல்லின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பது பற்றி எங்களிடம் உறுதியான தீர்ப்பு இருக்கும். செங்கல் சுவரை இவ்வளவு உற்றுப் பார்க்கிறவர்கள் கொத்தனார்களிலேயே குறைவு.

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணமாக இருந்தது லைக்கா எம்8. 2006 செப்டம்பரில் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் வந்த கேமரா. லைக்காவின் எம் வரிசை 1954இல் எம்3யுடன் தொடங்கியது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, அதன் நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் அவை. டிஜிட்டலுக்கு இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது லைக்கா அல்ல. கொசினாவின் துணையுடன் எப்சன் 2004இலேயே ஆர்-டி1 என்று ஒன்றை விற்றது. ஆறு மெகாபிக்சல், ஃபிலிம் கேமராவைப் போலவே ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுக்க வேண்டும். ஃபிலிமே இல்லாத கேமராவில் லீவர் எதற்கு என்று கேட்டவர்களை அதன் ரசிகர்கள் மதித்ததில்லை. என்றாலும் லைக்கா தானே இறங்கி வந்ததைத்தான் எல்லோரும் நிகழ்ச்சியாகக் கொண்டாடினார்கள்.

எம்8இல் கோடாக் செய்த 10.3 மெகாபிக்சல் சிசிடி சென்சார். அளவு 27க்கு 18 மில்லிமீட்டர், முழு ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது. அப்போது பெரும்பாலான கம்பெனிகள் சென்சாருக்கு முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் என்று ஒன்றை வைத்துப் படத்தை லேசாக மழுக்குவார்கள். நெருக்கமான கோடுகள், துணி நெசவு ஆகியவற்றின் மேல் பொய்யான அலைகள் தோன்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. லைக்கா அதை வைக்கவில்லை. முதல் ஃபைல்களைத் திறந்தவர்கள் அசந்துபோனார்கள். பத்து மெகாபிக்சலில் இவ்வளவு நுணுக்கமா, மூலைவரை இவ்வளவு தெளிவா என்றார்கள். அதில் மிகையொன்றும் இல்லை. இன்றைக்குத் திறந்தாலும் எம்8இன் குறைந்த ஐஎஸ்ஓ ஃபைல்கள் அப்படித்தான் இருக்கின்றன.

பிறகு கேமரா காசு கொடுத்து வாங்கியவர்களின் கைக்குப் போனது. அவர்கள் செங்கல் சுவரை விட்டுவிட்டு மனிதர்களைப் படமெடுத்தார்கள். கறுப்பு கோட்டு ஊதாவாக வந்தது, கறுப்புப் பை ஊதாவாக வந்தது. பருத்தியில் அவ்வளவாகத் தெரியாத நிறமாற்றம் செயற்கை இழைத் துணியில் பளிச்சென்று அடித்தது. ஒரே ஆளின் உடம்பில் கால்சட்டை கறுப்பாகவும் மேல்சட்டை கத்தரிக்காய் நிறத்திலும் வந்தபோது, ஒயிட் பேலன்ஸைத் திருத்திச் சமாளிக்கவும் வழியில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. செயற்கைத் துணிகளுக்கான பல கறுப்புச் சாயங்கள் நாம் பார்க்கும் ஒளியை விழுங்கிவிட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. நம் கண்ணுக்கு அது கறுப்பு, சிலிக்கன் சென்சாருக்குப் பிரகாசம். அதனால்தான் ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராக்களிலும் சென்சாருக்கு மேலே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. எம்8இலும் இருந்தது. ஆனால் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்தான்.

லைக்காவின் பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் கட்டுப்பட்டிருந்த கணக்கு அப்படி. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கானில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார்வரை 46.5 மில்லிமீட்டர். ரேஞ்ச்ஃபைண்டரில் ஆடும் கண்ணாடி கிடையாது, லைக்காவின் எம் மவுன்டில் அந்தத் தூரம் 27.8 மில்லிமீட்டர்தான். அகலக் கோண லென்ஸ்களின் பின்பக்கம் சென்சாருக்கு மிக அருகில் வந்துவிடும். மூலைகளுக்குப் போகும் ஒளி அங்கே சாய்வாக விழும். ஃபிலிம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, சென்சார் கவலைப்படும். மேலே தடித்த கண்ணாடி இருந்தால் சாய்ந்து வரும் கதிர் அதற்குள் வளைந்து இடம்மாறி மூலைகளைக் கலங்கலாக்கிவிடும். அதனால் கண்ணாடியை இயன்ற அளவு மெல்லியதாக்கினார்கள். சென்சாரின் ஓரங்களில் பிக்சல்களின் மேல் இருக்கும் நுண்லென்ஸ்களை, சாய்ந்து வரும் ஒளியைப் பிடிக்க வசதியாகக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்தார்கள்.

ஆக, நாங்கள் மூலைகளில் தேடிப் பாராட்டிய தெளிவுக்கும், பிறகு எல்லோரும் திட்டிய ஊதாவுக்கும் காரணம் அதே அரை மில்லிமீட்டர்தான். ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும். மீதிப் பாதி தெரிய, கேமராவுக்கு முன்னால் பாலியெஸ்டர் சட்டை போட்ட ஒருவர் நின்றிருக்க வேண்டும். ஒரு சோதனைப் படத்தைத் திறக்கும்போது எந்த அளவுக்குப் பெரிதாக்கலாம் என்பதை இப்போது நான் இரண்டாவதாகத்தான் யோசிக்கிறேன். எடுத்தவர் எதைப் படமெடுக்காமல் விட்டார் என்பது முதல் கேள்வி.

எம்8 வாங்கியவர்களுக்கு லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ள இரண்டு யுவி/ஐஆர் ஃபில்டர்களை லைக்கா இலவசமாகக் கொடுத்தது. அதோடு முடியவில்லை. அந்த ஃபில்டர் ஒளி சாய்ந்து நுழையும்போது தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் வகை. அகலக் கோண லென்ஸில் போட்டால் ஊதா போய்விடும், மூலைகளில் நீலப்பச்சை வந்து உட்காரும். அதைத் திருத்த கேமராவுக்கு எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும். லென்ஸின் பின்வளையத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகள் போட்டு, கேமரா அவற்றைப் படிக்கும்படி வைத்திருந்தார்கள். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் புள்ளி போட்டுக்கொள்ள ஜெர்மனியில் இருக்கும் லைக்காவுக்கு அனுப்பினார்கள். பொறுமையில்லாத சிலர் மார்க்கர் பேனாவால் தாங்களே போட்டுக்கொண்டார்கள், அதுவும் வேலை செய்தது.

நீலப்பச்சையைத் திருத்தும் வேலையைக் கேமரா ரா ஃபைலுக்கு உள்ளேயே செய்துவிடும். ரா ஃபைல் என்றால் சென்சார் கண்டதை யாரும் தொடாமல் தருவது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒன்று எந்தக் கேமராவிலிருந்தும் முழுசாக வருவதில்லை. எம்8 இதற்கு நல்ல சாட்சி. டிஎன்ஜி என்ற வடிவில் வரும் அதன் ரா ஃபைல்கள் எல்லாமே ஏறக்குறைய 10 எம்பி. ஒரு கோடியே மூன்று லட்சம் பிக்சல்கள், பிக்சலுக்கு ஒரு பைட். அதாவது 14 பிட்டில் 16,384 படிகளாக அளந்ததை 256 படிகளுக்குள் அடைத்துவிட்டார்கள். இது வெளியே தெரிந்தபோது எட்டு பிட்டா, இதற்கா இவ்வளவு விலை என்று கொதித்தவர்கள் நிறைய.

நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், ஒளியின் கணக்கு தெரியாமல் இருந்தால். ஒளி துகள்களாக வருகிறது, அதன் வரத்தில் இயல்பாகவே ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு பிக்சல் சராசரியாக 100 துகள் வாங்கும் இடத்தில் அந்த ஆட்டம் 10. சராசரி 10,000 வாங்கும் இடத்தில் 100. வர்க்கமூலக் கணக்கு. பிரகாசமான பகுதியில் ஒன்று ஒன்றாக எண்ணி வைப்பது, கரும்பு லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டுக் கிராம் கணக்குக் கேட்பது போல. அதனால் லைக்கா படிகளையும் வர்க்கமூலத்தை ஒட்டியே அமைத்தது. இருட்டில் நெருக்கமான படிகள், வெளிச்சத்தில் அகலமான படிகள். கண்ணுக்கு அகப்படும் இழப்பு மிகக் குறைவு. பின்னால் வந்த எம்9இல் சுருக்கிய 18 எம்பி, சுருக்காத 36 எம்பி என்று இரண்டையும் கொடுத்து, கொதித்தவர்களின் வாயை அடைத்தார்கள். நான் பார்த்த ஜோடிகளில் எது எது என்று பெயரை மறைத்துவிட்டுச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

இன்னொரு விஷயம் ஏறக்குறைய எல்லாக் கேமராவுக்கும் பொது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய வண்ணச் சதுரங்க ஏற்பாடுதான் பெரும்பாலான சென்சார்களின் மேல் இருக்கிறது. பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து சாஃப்ட்வேர் ஊகிக்கிறது. நாம் திரையில் பார்க்கும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். எம்8உடன் கேப்ச்சர் ஒன் என்ற சாஃப்ட்வேரைக் கொடுத்தார்கள். அதே ஃபைலை அடோபி சாஃப்ட்வேரில் திறந்தவர்களுக்குத் தோலின் நிறம் வேறு, கூர்மை வேறு. அடோபியின் லைட்ரூமில் நீங்கள் எதையும் தொடாமல் விட்டாலும் ஷார்ப்பனிங் கொஞ்சம் ஏறியேதான் இருக்கும். இரண்டு பேர் இரண்டு சாஃப்ட்வேரில் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கேமராக்களின் தரத்தைப் பற்றிச் சண்டை போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிசிடியின் மாயம் என்று ஒரு சண்டை உண்டு. எம்8, எம்9 வரை சிசிடி. 2012இல் அறிவித்த எம் டைப் 240இல் இருந்து சிமாஸ் என்ற வேறு வகைச் சென்சார். பழைய நிறம் போய்விட்டது என்று இன்றும் புலம்புகிறார்கள். என் கட்சி வேறு. சென்சார் எண்ணுவது எலக்ட்ரான்களை, அவற்றுக்கு நிறம் கிடையாது. நிறத்தைத் தருவது மேலே இருக்கும் சாயக் கட்டங்களும், சாஃப்ட்வேரில் இருக்கும் புரொஃபைலும். இரண்டு கேமராவிலும் ஒரே வண்ண அட்டையை எடுத்துப் புரொஃபைல் செய்துகொண்டால் அந்த மாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். பழைய எம்9 வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

நூறு சதவீதத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. அங்குலத்துக்கு நூறு பிக்சல் உள்ள மானிட்டரில் எம்8 படத்தை நூறு சதவீதத்தில் பார்த்தால், ஒரு மீட்டர் அகலப் பிரின்டை முழங்கைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம். 2022இல் வந்த எம்11இன் 60 மெகாபிக்சல் படம் 9,528 பிக்சல் அகலம். அதே மானிட்டரில் அது இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் பிரின்ட். இரண்டையும் நூறு சதவீதத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, புதியதில் நாய்ஸ் அதிகம் என்று சொன்னால் அதில் அர்த்தமில்லை. ஒரே அளவுக்குக் குறைத்துவிட்டுப் பேச வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கே உரிய இன்னொரு சிக்கல் ஃபோகஸ். லென்ஸின் பின்னால் இருக்கும் ஒரு விளிம்பு, கேமராவுக்குள் இருக்கும் சின்ன உருளையைத் தள்ள, அது ஜன்னலில் தெரியும் இரட்டை உருவத்தை நகர்த்துகிறது. முழுக்க இயந்திரம். மயிரிழை பிசகினால் மூக்கில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். ஃபிலிமின் பூச்சுக்கு ஒரு தடிமன் இருந்ததாலும், யாரும் ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கிப் பார்க்காததாலும் பல வருடம் இது மறைந்திருந்தது. டிஜிட்டல் வந்த பிறகு நல்ல லென்ஸ்கள் வீணாகக் கெட்ட பெயர் வாங்கின. சில லென்ஸ்களுக்கு அது நியாயமாகவும் கிடைத்தது. லைக்காவின் பழைய 35 மில்லிமீட்டர் சம்மிலக்ஸ் லென்ஸில் அப்பெர்ச்சரைக் குறைக்கக் குறைக்க ஃபோகஸ் நகர்கிறது என்று டிஜிட்டலில்தான் பரவலாகப் பேச்சானது. 2010இல் லைக்கா அதைத் திருத்திப் புதிதாக ஒன்று கொண்டுவந்தது. எப்படியும், ஒரே ஒரு ஃபைலைப் பார்த்து லென்ஸ் மென்மை, சென்சார் மென்மை என்று சொல்கிறவரிடம், ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்ல வேண்டும். முகத்தில் இல்லாத கூர்மை அநேகமாகப் பின்னால் இருக்கும் செடியில் கிடைக்கும்.

எம்9 வந்தது 2009 செப்டம்பர் 9இல். 18 மெகாபிக்சல், முழு ஃபிலிம் சட்ட அளவு. ஊதாப் பிரச்சினையில் சூடுபட்டிருந்ததால் இம்முறை சென்சாரின் மேலேயே அகச்சிவப்பை நன்றாக விழுங்கும் கண்ணாடியை வைத்தார்கள். கறுப்பு கறுப்பாக வந்தது, ஃபில்டர் தேவைப்படவில்லை, எல்லோரும் நிம்மதியாகப் பாராட்டினார்கள். சில ஆண்டுகளில் பல கேமராக்களில் அந்தக் கண்ணாடியே அரிக்கத் தொடங்கியது. லைக்கா சென்சார்களை இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. பிறகு அந்தச் சலுகையும் நின்றது. 2009இன் எந்த ரா ஃபைலிலும் இந்த அரிப்பு இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

இன்று எம்9 செகண்ட் ஹேண்டில் ஓரளவு எட்டும் விலைக்கு வருவதால் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். விற்பவர் அனுப்பும் அழகான படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெளிறிய வானத்தை ஃபோகஸ் இல்லாமல், எஃப்16இல் எடுத்த ஒரு டிஎன்ஜியைக் கேளுங்கள். அந்த அப்பெர்ச்சரில் தூசியும் தெரியும், அரிப்பும் தெரியும். தூசி வெறும் கரும்புள்ளியாக இருக்கும், சென்சாரைத் துடைத்தால் போய்விடும். அரிப்பைச் சுற்றி வெளிச்சமாக ஒரு வளையம் இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. சென்சாரை மாற்றிய கேமரா என்றால் அதற்கான சர்வீஸ் ரசீதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.