புதிய மிஸ்ஸிக்கு ஏன் பென்ஷன் இல்லை?

அரசாங்க ஊழியர்களுக்குக் கொடுத்தே நாட்டுப் பணம் தீர்கிறது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில்கூடப் பேச்சு அடிபடுகிறது. கணக்கு பொய்யில்லை. 2025 பட்ஜெட் 42,100 கோடி ரிங்கிட். அதில் சம்பளமே 10,000 கோடிக்கு மேல். ஓய்வூதியச் செலவு சுமார் 4,000 கோடி. 2040-இல் அது 12,000 கோடியைத் தொடும் என்றார் துணைப் பிரதமர் அமாட் ஸாஹிட் ஹமிடி. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேருவோருக்குப் பென்ஷன் கிடையாது, இ.பி.எஃப். சேமநிதி மட்டும் என்ற முடிவுக்கு அதையே காரணமாகக் காட்டினார்கள்.

நான் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது நர்ஸ்; பென்ஷன் வாங்குகிறவள். கடைசி அடிப்படைச் சம்பளத்தை வேலை செய்த மாதங்களால் பெருக்கி 600-ஆல் வகுப்பார்கள். 360 மாதத்துக்கு மேல் கணக்கில் வராது. முப்பது வருடம் உழைத்து 4,000 ரிங்கிட் சம்பளத்தில் வெளியே வந்தவருக்கு மாதம் 2,400. கிள்ளானில் வாடகை வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள், இது சொகுசா என்று.

அப்பா ரயில்வே ஊழியர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரோசாரியோ சாலையை ஒட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பில்தான் வளர்ந்தோம். அவர் போன பிறகு அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. கைக்கு வந்ததும் முதலில் மளிகைக் கடைக் கணக்கைத் தீர்ப்பார். அடுத்து தம்பியின் பள்ளி பஸ் காசு. யாரிடமும் போய் நின்றதில்லை.

சுமை ஏறியது யாரால்? ஓய்வூதிய நிதிக்கு, பென்ஷன் உரிமையுள்ள தங்கள் ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டை ஊராட்சி மன்றங்களும் சட்டப்பூர்வ அமைப்புகளும் கட்டியாக வேண்டும். கூட்டரசு தன் ஊழியர்களுக்காகப் போடுவதோ ஆண்டுச் சம்பள ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு. மன்றங்களிடம் கறாராக வசூலித்தவர்கள் தங்கள் பங்கைச் சேர்த்து வைக்கவில்லை. அதனால்தான் பென்ஷனின் பெரும்பகுதி அந்தந்த வருட வரிப் பணத்திலிருந்து போகிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2024-இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் ஓய்வு பெறுவது 2059-இல். அவருடைய பென்ஷனை நிறுத்தியதால் 2040-இன் 12,000 கோடியில் என்ன பெரிதாகக் குறையப்போகிறது? அது ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் உரிய பணம்.

என் தங்கை மகள் இந்தப் புதிய விதியில் சேர்ந்த மிஸ்ஸி. "பெரியம்மா, நைட் டியூட்டி உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். சம்பளம் முன்னைவிடப் பரவாயில்லை. 2024 டிசம்பர் முதல் அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாத வருமானம் 2,000 ரிங்கிட் ஆனது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இ.பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துச் செலவழித்துவிட்டு எழுபது வயதில் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து நிற்பவர்களை வார்டில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

பென்ஷன் முறையே இனி கட்டுப்படியாகாது என்றால், மன்றங்களிடம் வாங்கும் அதே 17.5 விழுக்காட்டைப் புதியவர்களின் இ.பி.எஃப். கணக்கில் அரசே போடட்டும். தனியார் முதலாளிகள் கட்டும் 12, 13 விழுக்காட்டோடு நின்றுவிடக் கூடாது. முப்பத்தாறு மாதம் பதவியில் இருந்தாலே நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பென்ஷன் தகுதி வந்துவிடுகிறது. சிக்கனத்தை அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இந்த இரண்டையும் அரசு ஊழியர் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் நிதியமைச்சின் மேசையில் வைத்துக் கேட்க வேண்டும்.