எழுபது இடத்துள் ஓர் உயிர்

ஒரு நாடு முன்னேறியுள்ளதா என்பதை அளந்தறியப் பல அளவுகோல்கள் உண்டு. வீதிகளைச் சுட்டுவார் சிலர். மின்னொளியைச் சுட்டுவார் சிலர். கல்விக்கூடங்களை எண்ணிக் காட்டுவார் வேறு சிலர். ஆபத்து நேர்ந்த வேளையில், நாட்டின் கடைக்கோடியில் வாழும் மனிதனுக்கு, அவனுக்கு விளங்கும் மொழியில், உரிய நேரத்தில் ஒரு செய்தி சென்று சேர்கின்றதா? இதையே நான் அளவுகோலாகக் கொள்வேன். நான் மன்னார்த் தீவிற் பிறந்தவன். கணினித் தொழிலைச் சீவனோபாயமாகக் கொண்டவன். இவ்விரு தகுதிகளையும் முன்னிட்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களும் ஒருங்கே படிக்கும் இப்பகுதியில் இப்பொருள் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

செய்திக்கும் மன்னாருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்திக் கம்பி இக்கரையைத் தொட்டே சென்றது. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, சென்னையில் ஏறிய பயணியும் அவன் கொண்டுவந்த கடிதக்கட்டும் புத்தகமும் பத்திரிகையும் நம் வாயில் வழியாகவே நாட்டினுள் நுழைந்தன. இலங்கை வானொலியின் தமிழ்க் குரல் எதிர்த்திசையிற் கடல் கடந்து தமிழகமெங்கும் வீடுதோறும் ஒலித்தது. இரு கரைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இன்று தனுஷ்கோடி முனையில் நிற்பவரின் கைத்தொலைபேசிக்கு இலங்கை வலையமைப்பின் வரவேற்புச் செய்தி தானாகவே வந்து விழுகின்றது. அயலூர்ப் பயணியை அழையாமலே வரவேற்கத் தெரிந்த இக்கருவிகள், சொந்த ஊர் மீனவனை ஆபத்து வேளையில் அழைத்து எச்சரிப்பதில் மட்டும் ஏன் தடுமாறுகின்றன?

இவ்வினா வெறும் சொல்லலங்காரம் அன்று. 1964 டிசம்பரில் வட இலங்கையை ஊடறுத்துச் சென்ற புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற புகையிரதத்தைப் பயணிகளோடு கடலுள் இழுத்துக்கொண்டது. அன்று முன்னறிவிப்புக்கு வேண்டிய சாதனம் போதவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்நாட்டைத் தாக்கியபோது அத்தகைய ஆறுதலுக்கு இடமிருந்ததா? வானில் செய்மதி இருந்தது. பெரும்பாலோர் கையிலும் தொலைபேசி இருந்தது. இருந்தும் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருவியாறு பெருக்கெடுத்து மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. எச்சரிக்கைகள் தமிழிலே உரிய காலத்திற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. இத்தனை உயிர்களும் மொழியொன்றினாலேயே மாண்டன என்று கூறுவது மிகை. ஆயினும், விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கையும் வராத எச்சரிக்கையும் வெள்ளத்தின் முன் ஒன்றே என்பதை எவர் மறுக்கவல்லார்?

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாகத்தில் மொழிகளுக்குரிய இடத்தை வகுத்தது. குறை சட்டத்தில் இல்லையெனின் எங்கே உள்ளது? அது நாள்தோறும் இயங்கும் சிறு யந்திரங்களின் உள்ளே, எவரும் எட்டிப் பாராத மூலையில் உள்ளது என்பதே என் தொழில் எனக்குக் கற்பித்த விடை.

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்தி ஆங்கில எழுத்தில் இருக்குமாயின் அதற்கு 160 இடங்கள் உண்டு. அதே செய்தி தமிழில் அமையுமாயின் வழக்கமான முறையில் 70 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்கப் போதுமான இடத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட இடம் தமிழுக்குத் தேவைப்படுவதே காரணம். இதன்மேலும் ஒரு நட்டம் உண்டு. புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் கணினி தனித்தனியே எண்ணுகின்றது. ஆகவே, நாம் நான்கெழுத்து என்று எண்ணும் ‘மன்னார்’ என்னும் சொல் ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். செய்தி 70 இடங்களைத் தாண்டினால் இரண்டாக, மூன்றாகப் பிரியும். கட்டணமும் அவ்வாறே பெருகும். வங்கியொன்றிலோ நிறுவனமொன்றிலோ கணக்கெழுதுபவர் இந்த ஏட்டைப் பார்த்தவுடன், “ஆங்கிலத்தில் அனுப்பினாற் போதாதா?” என்று கேட்கின்றார். தமிழ்ப் பகையினால் அவர் அப்படிக் கேட்பதில்லை; சிக்கனத்தினாலேயே கேட்கின்றார். ஆயினும் விளைவு ஒன்றே. தன் கணக்கிலிருந்து பணம் குறைந்ததா கூடியதா என்று அறிய, வாடியில் இருக்கும் முதியவர் அயல்வீட்டுச் சிறுமியிடம் தொலைபேசியை நீட்டுகின்றார். அவருடைய பணவிடயம் ஊர்ப்பேச்சாகின்றது.

இக்குறையை நீக்க வழி இல்லாமலும் இல்லை. தமிழ் உட்பட்ட பல மொழிகளுக்கு இடத்தைச் சிக்கனமாக ஒதுக்கும் எழுத்து அட்டவணைகளைத் தொலைபேசித் தரநிர்ணய அறிஞர்கள் முன்னரே வகுத்துவைத்துள்ளனர். அவற்றைப் பயன்படுத்துவார்தாம் அரியர். ஆபத்துக் காலத்துக்கோ இதனினும் சிறந்த முறை உண்டு. குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கத்தையும் தேடி வரிசையாகச் செல்வது. கூட்டம் பெருகினால் தாமதமாகும். கோபுர ஒலிபரப்பு முறையோ ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள தொலைபேசிகள் அனைத்துக்கும் ஒரே நொடியில், இலக்கம் அறியாமலே, உரத்த மணியோசையுடன் செய்தியைச் சேர்ப்பது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு இம்முறையை மாநிலந்தோறும் சோதித்துப் பார்த்தனர்; தமிழகத்தில் பலருடைய தொலைபேசிகள் அன்று ஒருங்கே ஒலித்தன. கண்ணுக்கெட்டும் தூரத்துக் கரையில் செய்யக்கூடியது நம் கரையிற் செய்யக்கூடாததாகுமா?

குற்றத்தைக் கொழும்பின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவுதலும் நேர்மையன்று. நம் அலுவலகங்களின் நிலைமை யாது? ‘பாமினி’ என்னும் எழுத்துருவை நம்மவர் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகின்றனர். அது தன் காலத்தில் பெருந்தொண்டு ஆற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தமிழெழுத்தன்று. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் புனையும் உபாயமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘மன்னார்’ என்னும் பெயர் கே, டி, அரைப்புள்ளி, மீண்டும் டி, எச், யூ, அரைப்புள்ளி என்று பொருளற்ற கோவையாகத் தோன்றும். அதனைத் தேடினால் கிடைக்காது. தொலைபேசியிற் படிக்க இயலாது. கண்ணற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் விளங்காது. உலகப் பொதுக்குறியீடாகிய யுனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. இலங்கைத் தர நிர்ணயமும் 2008இல் தமிழ்க் குறியீட்டுக்கென வெளிவந்தது. இவ்வளவு காலம் கழிந்தும் நம் கடிதங்களிலும் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலும் பாடசாலை வினாத்தாள்களிலும் பழைய வேடம் தொடர்வானேன்? பிறர் நமக்குத் தமிழில் எழுதவில்லை என்று முறையிடும் நாம், நாம் எழுதிய தமிழைப் பிறர் கருவியிற் படிக்கவொண்ணாதபடி எழுதிக்கொண்டிருத்தல் முறையாகுமா?

இதனோடு ஒட்டிய வேறொரு குறையும் உண்டு. அது இலக்கிய அன்பர்களுக்கே உரியது. தமிழில் வரும் அறிவிப்புகள் சிலவற்றை வாசிக்குங்கால், அவை தமிழரை நோக்கி எழுதப்பட்டனவா, அகராதியை நோக்கி எழுதப்பட்டனவா என்ற ஐயம் எழுகின்றது. நம் கடலோடிகளிடம் காற்றுக்கு வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனத் தெளிவான பெயர்கள் உள. எந்தக் காற்று எப்பொழுது திரும்பும், திரும்பினால் எக்கரை பாதுகாப்பு என்பதெல்லாம் அப்பெயர்களோடு பின்னிக் கிடக்கின்றன. திசையையும் மணிக்குரிய வேகத்தையும் கூறும் அறிவியல் அறிக்கை, இச்சொற்களையும் ஓரிடத்தில் அருகே வைத்துக்கொண்டால் அதன் அறிவியல் குறைந்துபோகாது. ஒரு மொழி வாழ்வது மேடையில் அன்று. காற்று மாறும் நேரத்தில் படகைத் திருப்பும் சொல்லிலே அது வாழ்கின்றது.

புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தின் வரலாற்றை நம் மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் பயனாக அப்பகுதிக் கிராமங்களில் அறிவு நிலையங்கள் அமைந்தன. வீராம்பட்டினத்து நிலையத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து பெற்றுத் தமிழிலே ஒலிபெருக்கியில் அறிவித்துவந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரில் தொழில் புரிந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியிற் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். ஊரவர் பூட்டிக் கிடந்த நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் தப்பினர். இங்கே உயிரைக் காத்தது யாது? விலையுயர்ந்த யந்திரமா? தொலைபேசி, ஒலிபெருக்கி, அறிந்த குரல், சொந்த மொழி ஆகிய நான்குமே. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தாழ்வுபாட்டிலும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ள இடமெங்கும் ஒலிபெருக்கி உண்டு. அவற்றை ஓர் ஒழுங்கில் இணைக்கும் ஏற்பாடே வேண்டும்.

தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலைத் தொகுதி 2020ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. முப்பது பெருந்தூண்கள், நூறு மெகாவாட் அளவான மின்னாற்றல். மேலும் காற்றாலைகள் வேண்டுமா என்பது பற்றி 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடியதை நாடறியும். அவ்விவாதத்தின் முழுமையும் இங்கே எடுத்துரைக்க இடமில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். அத்தகைய சுழலிகளின் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் நொடிதோறும் அளக்கும் கருவி இருத்தல் இயல்பு; காற்றை அறியாமல் அவை இயங்கா. அந்த அளவு தூரத்து அலுவலகத் திரைக்குச் செல்கின்றது. தூணின் அடியிலே வலை உலர்த்தும் மனிதனுக்கு அது அன்றாடச் செய்தியாக எட்டும் ஏற்பாட்டை நான் கண்டதில்லை. நம் காற்றிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் செல்பவர், அக்காற்றைப் பற்றிய அறிவையேனும் நமக்கு விட்டுச் செல்லலாகாதா? மக்களின் ஐயம் வளர்வதற்கு, அவர்களோடு பேசாமை ஒரு பெருங்காரணமாகும்.

நற்பணி நடக்குமிடத்தைப் பாராட்டவும் வேண்டும். மேல், தென் மாகாணங்களில் 2016இல் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த 1990 நோயாளர் காவுவண்டிச் சேவை எளிய மக்களின் நம்பிக்கையைப் பெற்றுள்ளது. நான்கு இலக்கத்தை அழுத்தினால் ஒரு மனிதக் குரல் விடையளிக்கின்றது, வண்டி வருகின்றது. நவீன சாதனத்தின் சிறப்பு இவ்வளவே. பத்துப் படிவங்களையும் இருபது பொத்தான்களையும் மக்கள்முன் பரப்புவது சேவையாகாது.

பத்திரிகை உலகுக்கும் ஒரு சொல். கட்டுக்கரைக் குளம் உடைந்துவிட்டதென்று எவரேனும் பொழுதுபோக்காகத் தட்டிவிட்டால், அது கால் மணி நேரத்தில் மாவட்டமெங்கும் பரவிவிடும். அதனை மறுக்கும் உண்மை மெல்லவே நடந்துவரும். இதற்கு மருந்து, செய்தி ஒவ்வொன்றிலும் நாளும் மணியும் சொன்னவர் பெயரும் இருத்தல் வேண்டும் என்ற பழைய பத்திரிகை ஒழுக்கமே. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றிய நாள் முதலாக நம் நாளிதழ்கள் பேணிவந்த அவ்வொழுக்கம், கைத்தொலைபேசித் திரையில் கைவிடப்படலாகாது.

முடிவாக, ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஈரடியில் உலகை அடக்கிய புலவனைத் தந்தது நம் மொழி. ‘புயல். இன்றிரவு கடலுக்குப் போகாதீர். மேட்டுப் பள்ளிக்குச் செல்க.’ இவ்வெச்சரிக்கை, புள்ளியும் இடைவெளியும் உட்பட, 64 இடங்களில் அடங்கிவிடுகின்றது. தமிழுக்கு இடம் போதாது என்பாருக்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ? கட்டுரை வகுப்பில், வசந்தகால வருணனைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை இப்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். எழுபது இடத்துள், எவருக்கும் விளங்கும்படி, ஐயத்துக்கு இடமின்றி ஓர் எச்சரிக்கையை எழுத மாணவரைப் பழக்குங்கள். பொதுக்குறியீட்டிலேயே தட்டெழுதப் பயிற்றுங்கள். அரசாங்கம் கோபுர ஒலிபரப்பை மும்மொழியிலும் நடைமுறைக்குக் கொணரட்டும். நிறுவனங்கள் வாடிக்கையாளன் விரும்பும் மொழியைக் கேட்டறிந்து அம்மொழியில் எழுதட்டும். நம் சங்கங்கள் பழைய எழுத்துருவுக்கு விடைகொடுக்கட்டும். அடுத்த மாரிக்கு முன் இவற்றுள் பாதியேனும் நிறைவேறுமாயின், அடுத்த புயலில் நாம் இழப்போரின் எண்ணிக்கை குறையும். தமிழுக்கு நாம் செய்யக்கூடிய தொண்டுகளுள் அதனினும் சிறந்ததொன்றை நான் அறியேன்.